பழைய மீட்டரை மாற்றும்போது

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் தட்டு சுழலும் மீட்டர் இருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மின் இணைப்பு எண்ணுடன் மனு கொடுங்கள். மீட்டரின் முத்திரையை (சீல்) நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ தொடக்கூடாது. அது சட்டப்படி குற்றம். கழற்றும் முன் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும், மாட்டியபின் புதியதன் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் போட்டோ எடுங்கள். முதல் பில்லில் தகராறு வருவதே பழைய மீட்டரில் ஓடிய யூனிட்டையும் புதியதில் ஓடியதையும் கூட்டுவதில்தான்.

பிறகு சோதியுங்கள். மெயினுக்குப் பின்னுள்ள எல்லாச் சுவிட்சும் அணைந்தும் மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். 3200 இம்ப்பல்ஸ் (ஒரு யூனிட்டுக்கு விளக்கு 3200 தடவை மின்னும்) என்று அச்சிட்ட மீட்டரில் 1000 வாட் ஹீட்டர் மட்டும் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 53 தடவை மின்னவேண்டும். வோல்டேஜ் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும், அது மீட்டரின் பிழையல்ல.

கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். கவனிக்கவேண்டியது 500 யூனிட் என்ற எல்லை. 2022 செப்டம்பர் கட்டணத்தில் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, மொத்தம் 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகளுக்கு ரூ.4.50. 500-க்கு மேல் ஒரே ஒரு யூனிட் கூடினாலும் அப்போது ரூ.225 ஏறியது, அந்த யூனிட்டுக்கு ரூ.8 தனி. விலை பின்னர் உயர்ந்தாலும் இந்த 500 யூனிட் எல்லை மாறவில்லை. சித்திரை வெயிலில் ஏசி போடும் வீட்டார் 45-ஆம் நாளே ரீடிங் பாருங்கள்.