தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லையா?

ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் நேர் எதிர். டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரப்பதே அல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. அவை ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கியிருக்கும். குறைந்தால் டி.எஸ்.ஹெச்.-ஐக் கூட்டி விரட்டத் தொடங்கும். டி4 சற்றே சரிந்தாலும் டி.எஸ்.ஹெச். பல மடங்கு எகிறிவிடும். குறைபாட்டைக் கண்டுபிடிக்க முதலில் இதைப் பார்ப்பது அதனால்தான். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு; லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

அயோடின் உப்பு பரவலாகிவிட்ட இடங்களில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-ல் விவரித்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே தாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் ஆன்டி டி.பி.ஓ. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியவரும். இதற்கு அயோடினைக் கூட்டிச் சாப்பிடுவதால் பயனில்லை, அளவு மீறினால் கெடுதல்கூட.

கொடுக்கப்படும் மாத்திரை லெவோதைராக்சின், அதாவது டி4. உடலே அதைத் தேவைக்கேற்ப டி3 ஆக மாற்றிக்கொள்ளும். சுரப்பி முழுதும் ஓய்ந்துபோனவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் வேண்டும். 60 கிலோ என்றால் 100-ஐ ஒட்டி வரும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-ல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். சீட்டில் 0.1 மி.கி. என்றிருந்தால் அது 100 மைக்ரோகிராம். 25-க்குப் பதில் 125 பாட்டிலை வாங்கி வந்துவிடுவதும் நடக்கிறது, எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

டி.எஸ்.ஹெச். இறங்கவில்லை என்றால் டோஸைக் கூட்டுவதற்கு முன் மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு 30 முதல் 60 நிமிடம் வேறு எதுவும் கூடாது. மாத்திரையைப் போட்ட கையோடு பில்டர் காபியை ஆற்றுவதுதான் நம் வீடுகளின் முதல் தவறு. காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அமில முறிவு மருந்துகளும் குடலிலேயே டி4-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் கதை வேறு: மாத்திரை கரைய வயிற்று அமிலம் தேவை, இவை அதையே குறைக்கின்றன. இடைவெளி விட்டாலும் பயனில்லை. மருத்துவரிடம் சொன்னால் டோஸை அதற்கேற்ப மாற்றுவார். காலையில் தோதுப்படாதவர்கள் இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துப் போடலாம். காலையோ இரவோ, நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. முட்டைக்கோஸைச் சமைத்து அளவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது, வீண் பயம்.

டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். எனவே ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம், நினைவு வந்ததும் போடுங்கள். இதே காரணத்தால் டோஸ் மாற்றிய இரண்டாம் வாரம் எடுக்கும் டெஸ்ட் பணத்துக்குத்தான் கேடு. 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். பிராண்ட் மாறினாலும் அப்படியே ஒருமுறை பாருங்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள், இல்லாவிட்டால் டி4 கூடுதலாகக் காட்டும். முடி உதிர்வுக்காக பயோட்டின் சாப்பிடுபவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.ஹெச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கர்ப்பம் உறுதியானதும் தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும். முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4-தான் ஆதாரம். ஆகவே அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாரத்துக்கு 7 மாத்திரை 9 ஆவது வழக்கமான ஏற்பாடு. நிறுத்தவே கூடாது.

எடை குறையட்டும் என்று தானாக டோஸை ஏற்றுகிறவர்களுக்குப் படபடப்பு, தூக்கமின்மையில் தொடங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாவது, எலும்பு தேய்வது வரை போகும்.

டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்தால் தப்பிவிடும் ஒரு நிலையும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனவர்களுக்கு பிட்யூட்டரியே பழுதாகலாம். பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, சோர்வு நீங்காது. விரட்ட வேண்டியதே ஓய்ந்துவிட்டதால் டி.எஸ்.ஹெச். இயல்பு போலவே இருக்கும், டி4 தரைமட்டமாகக் கிடக்கும். இவர்களுக்கு ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் டி4) உடன், அட்ரீனல் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசாலும் பார்க்க வேண்டும். கார்ட்டிசால் குறைந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டு, அதன் பிறகே தைராய்டு மாத்திரை. தைராய்டு ஹார்மோன் இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசாலையும் வேகமாகக் கரைத்துவிடும். வரிசை மாறினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.