முதலில் புற்றுக்காளானை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள்

வயல்காட்டுக் காளான்களை அடையாளம் காண ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் நூறு படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அது வேண்டாம். ஒரே ஒரு காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மண்ணுக்குக் கீழே இருந்து தொப்பி முனை வரைக்கும், மொட்டில் இருந்து அழுகும் நாள் வரைக்கும் பாருங்கள். அதைப் போலவே இருக்கும் விஷக்காளானையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது காளான் அதற்கு அப்புறம்தான். முதல் மழைக்காலம் முழுக்கப் பார்ப்பது, தோண்டுவது, எழுதுவது மட்டும். சமையலறைக்கு எதுவும் போகக் கூடாது.

நான் இருப்பது சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் பக்கம். மானாவாரி நிலம், பனை, கருவேலம், நிறையக் கறையான் புற்று. எங்கள் பக்கம் தொடங்குவதற்குச் சரியான காளான் புற்றுக்காளான்தான். ஆடி, ஆவணியில் இடியோடு இரண்டு மூன்று நல்ல மழை விழுந்து, அப்புறம் புழுக்கம் கண்டால் தேடிப் போகலாம். ஐப்பசியிலும் வரும். விடிகாலையில் போங்கள். வெயில் ஏறிவிட்டால் தொப்பி கிழிந்து, புழு வைத்து, பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கையில் ஒரு களைக்கொத்து, ஓலைப்பெட்டி, பழைய செய்தித்தாள், பேனா இருந்தால் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றுங்கள்.

காளானைக் கண்டதும் கை பறிக்கத்தான் போகும். பறிக்காதீர்கள். என் அப்பத்தா எத்தனை காளான் கிடந்தாலும் முதலில் உட்கார்ந்து அடியைத் தோண்டிப் பார்ப்பார். "வேரைப் பாக்காம பெட்டியில போடாதடி" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் பூசண நிபுணர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. தண்டை ஒடித்து எடுத்தால் அந்தப் பாதி போய்விடும்.

தண்டில் இருந்து நாலு விரல் தள்ளி மண்ணைக் கொத்திப் பக்கவாட்டில் விலக்குங்கள். புற்றுக்காளானாக இருந்தால் தண்டு மண்ணுக்குள் முடியாது. வேர் மாதிரி மெலிந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சில இடத்தில் ஒரு முழத்துக்கு மேலும் போகும். அதன் அடியில் கறையான்களின் பூசணத் தோட்டம் இருக்கிறது. கறையான் தின்ற சருகையும் கட்டையையும் கழித்து, அந்தக் கழிவால் பழுப்பு நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு கூடு கட்டி, அதில் இந்தப் பூசணத்தை வளர்க்கிறது. கூட்டின் மேல் கடுகளவில் வெள்ளை உருண்டைகள் இருக்கும், கறையான் அவற்றைத் தின்னும். ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக நடந்துவரும் விவசாயம் இது. மழை வந்து மண் இளகும்போது அந்தத் தோட்டத்தில் இருந்து எழும்பி வருவதுதான் நாம் பார்க்கும் காளான். அறிவியலில் இதற்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர். கூடு வரைக்கும் தோண்ட வேண்டியதில்லை, தோண்டினால் அந்த இடத்தில் அடுத்த வருஷம் காளான் வராமல் போகலாம். ஒரு சாண் தோண்டி, தண்டு மெலிந்து கீழே இறங்குவதைப் பார்த்தால் போதும்.

இப்போது தொப்பிக்கு வாருங்கள். நடுவில் ஒரு கூர்மூக்கு இருக்கும், சுற்றியுள்ள சதையைவிடக் கெட்டியாகவும் நிறம் கூடியும். மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தது அந்த மூக்குதான். விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டி தெரியும். விரிந்த தொப்பியின் ஓரம் மூக்கை நோக்கிக் கீறல் கீறலாகப் பிளக்கும். கீழே திருப்பினால் செவுள்கள், அதாவது தொப்பியின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள், நெருக்கமாக, தண்டைத் தொடாமல் நிற்கும். முதலில் வெள்ளை, முற்ற முற்ற இளஞ்சிவப்பு கலந்த பால் ஏட்டு நிறம். தண்டில் வளையம் சில இனங்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. அதனால் வளையத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இனி இதன் போலி. மாட்டுக்கொட்டகை ஓரம், பள்ளி மைதானம், கோவில் புல்தரை, வீட்டு முற்றம் என்று எங்கும் மழைக்குப் பிறகு வெள்ளைக் குடைகளாக நிற்கும். தட்டு அளவுக்கு விரியும், பார்க்க அத்தனை அழகு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ் என்று பெயர். உலகம் முழுக்கக் காளான் விஷம் என்று மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதைத் தின்றவர்கள். சாப்பிட்ட 1 மணி முதல் 3 மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிப்போவது ஆபத்து.

இதற்கும் செவுள் தண்டைத் தொடாது. இளசாக இருக்கும்போது செவுள் சுத்த வெள்ளை. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வித்தியாசம் எங்கே என்று வரிசையாகப் பாருங்கள். தொப்பியின் மேல் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும், நடுவில் அடர்ந்து, ஓரத்துக்குப் போகப் போகச் சிதறி. கூர்மூக்கு இல்லை. தண்டில் தடித்த வளையம், மெதுவாகத் தள்ளினால் மேலும் கீழும் நகரும். அடியைத் தோண்டினால் வேர் கிடையாது, தண்டு சற்றுப் பருத்து மண்ணின் மேலாகவே முடிந்துவிடும். முற்றிய பிறகு செவுளில் பச்சை கலந்த சாம்பல் படியும். கடைசிச் சாட்சி, செவுளில் இருந்து உதிரும் வித்துத்தூள். இது பச்சை, புற்றுக்காளானுடையது இளஞ்சிவப்பு.

வித்துத்தூள் எடுப்பதை எந்தக் காளானுக்கும் தவிர்க்காதீர்கள். செவுளின் நிறம் வேறு, அதில் இருந்து உதிரும் தூளின் நிறம் வேறாக இருக்கலாம். நன்றாக விரிந்த தொப்பியைத் தண்டில்லாமல் வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். தொப்பியின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரைக் கவிழ்த்து மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் தூக்கினால் செவுள் வரிசை அப்படியே தூளாகப் படிந்திருக்கும். கண்ணாடியை வெள்ளைத் தாள் மேலும் கறுப்புத் தாள் மேலும் மாற்றி வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியவே தெரியாது, அதற்குத்தான் கண்ணாடி. என் அண்ணன் மகனுக்கு இந்த வேலைதான் ரொம்பப் பிடிக்கும். "அத்தை, இன்னைக்கு என்ன கலரு?" என்று விடிந்ததும் வந்து நிற்பான். குழந்தைகளுக்குக் காளான் சொல்லித்தர இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. தொடலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது, கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

புற்றில் முளைப்பது எல்லாம் புற்றுக்காளான் என்ற நினைப்பும் பலருக்கு இருக்கிறது. போடாக்சிஸ் என்று ஒன்று புற்றின் மேலேயே நிற்கும், விரியாத குடை மாதிரி. உள்ளே கறுப்புத் தூளாக உதிரும். கறையான் கைவிட்ட கூட்டில் இருந்து கறுப்புக் குச்சிகளாக சைலேரியா கிளம்பும். இன்னொரு பக்கம், சட்டைப் பொத்தான் அளவில் நூற்றுக்கணக்கில் தரையை மூடி முளைக்கும் சின்ன வெள்ளைக் காளானும் கறையான் காளான்தான். ஆனால் அதற்கு நீள வேர் இருக்காது, ஏனென்றால் கறையான்களே கூட்டுத் துணுக்குகளைத் தரைக்குச் சுமந்துவந்து போட்டிருக்கும். ஒரு காளானை முழுசாகக் கற்றவருக்குத்தான் இந்த விலக்கு ஏன் என்று புரியும். முதல் வருஷத்தில் இந்தப் பொடிக் காளானைத் தொடாமல் விடுங்கள்.

இரண்டாவதாக வைக்கோல் காளானைச் சொல்வேன். காய்ந்த போரில் அல்ல, நனைந்து மக்கும் வைக்கோலில் வரும். அடியில் கிழிந்த பை போல ஒரு கிண்ணம், தண்டில் வளையம் கிடையாது, தூள் இளஞ்சிவப்பு. இதைக் கற்கும்போதே இதைப் போலத் தெரியும் அமானிட்டா வகைக் காளான்களையும் கற்க வேண்டும். அவை மர வேர்களோடு கூட்டு வாழ்கிறவை, தூள் வெள்ளை. அடியில் கிண்ணமும் தண்டில் வளையமும் சேர்ந்து கண்டால் விட்டு விலகுங்கள். சில இனங்களில் வளையம் உதிர்ந்திருக்கும், அதனால் தூள் பார்க்காமல் தீர்ப்பு கூடாது. மொட்டாக, முட்டை வடிவில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மொட்டை வைத்து ஒருபோதும் பெயர் சொல்லாதீர்கள்.

அமானிட்டாக்களில் சிலவற்றில் உள்ள அமாடாக்சின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அது ஓய்ந்து ஆள் தேறியது போலத் தெரியும்போது கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். பசிக்கும் ருசிக்கும் பறித்தவர்கள் அவர்கள். ஆகவே வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், மஞ்சள்தூள் நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்ற சோதனைகளை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அமாடாக்சின் வெள்ளியைக் கறுக்க வைக்காது. நமக்கு விஷமான காளானை நத்தையும் புழுவும் நிம்மதியாகத் தின்னும்.

குறிப்பேட்டில் தேதி, கடைசி மழை எப்போது, மண்ணா வைக்கோலா சாணமா கட்டையா, பக்கத்தில் என்ன மரம், நறுக்கினால் நிறம் மாறியதா, வாசனை, தூளின் நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். படம் எடுத்தால் மேலே, கீழே, அடி, நெடுக்குவெட்டு என நான்கும் வேண்டும். செயலி சொல்லும் பெயர் தேடலுக்கு ஒரு முனை கொடுக்கும், அதை நம்பி வாயில் வைக்க முடியாது.

அடுத்த பருவத்தில், உங்கள் ஊரில் வருஷக்கணக்காகப் பறித்துச் சாப்பிடும் ஒருவர் பக்கத்தில் நின்று, வேர், மூக்கு, செவுள், தூள் நான்கும் பொருந்துகிறது என்று அவரும் நீங்களும் ஒத்துக்கொண்டால் மட்டும் புற்றுக்காளானைச் சமைக்கலாம். நன்றாக வேகவிட்டு, பெரியவர்கள் மட்டும், முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சமைக்காத காளான் ஒன்றை அடியோடு தாளில் சுற்றி, பெயர் எழுதி, குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருங்கள். யாருக்காவது வயிறு புரட்டினால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, அந்தக் காளானையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.