உங்க பாட்ட சிங்கப்பூர்ல பாடுனா உங்களுக்கும் காசு உண்டு

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சொந்தமா பாட்டு எழுதி மெட்டு போடுற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. உங்க பாட்ட சிங்கப்பூர் மேடைல வேற ஆளு பாடுனாலும் ராயல்டி, அதாவது பாட்டுக்கான உரிமைத் தொகை உண்டு, ஆனா மொதல்ல இங்க பாட்டு எழுதுறவங்க, மெட்டு போடுறவங்களுக்கு ராயல்டி வசூல் பண்ணித் தர்ற ஐபிஆர்எஸ்ங்கிற சொசைட்டில மெம்பராகி ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா பதியணும், இதத்தான் நெறைய பேரு விட்டுடுறாங்க, மனசு கெடந்து அடிச்சுக்குது.

அங்க காம்பஸ்னு ஒரு சொசைட்டி நிகழ்ச்சி நடத்துறவங்ககிட்ட வசூல் பண்ணி ஒப்பந்தப்படி இங்க அனுப்பும். நம்ம கீழக்கரைக்காரங்க அங்க விழா வச்சு கூப்பிட்டா, பாடுன பாட்டு லிஸ்ட்ட எழுதுனவர், மெட்டு போட்டவர் பேரோட குடுத்துட்டு வாங்க, அது இல்லன்னா காச யாருக்குப் பிரிக்கிறதுன்னே தெரியாது. மீன்பிடிக்கிறப்ப பாடுற, பரம்பரையா வர்ற அம்பா பாட்டுக்கு இந்த ராயல்டி கெடையாது. சினிமாவுக்கு எழுதுனவங்க, 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் உங்க ராயல்டி பங்க தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்க முடியாது, தைரியமா கேளுங்க.