பிஎம் கிசான் தவணை வரவில்லையா? இப்படிப் பாருங்கள்

ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணை. விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019இல் தொடங்கிய பிஎம் கிசான் திட்டம் தருவது இவ்வளவுதான். பக்கத்து வயல்காரருக்கு வந்த பணம் உங்களுக்கு வரவில்லை என்றால், அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அது எங்கே தடைபட்டு நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். தடை தெரியாமல் போனால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

படி 1: தகுதி

பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. உழுபவரை விட்டுவிட்டுப் பட்டாவைப் பார்க்கும் இந்த விதி எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் விதி அதுதான். நில உடைமைக்கான கெடு நாள் 2019 பிப்ரவரி 1; அதற்குள் நிலம் உங்கள் பெயருக்கு வந்திருக்க வேண்டும். அப்பா காலமாகி வாரிசாக நிலம் வந்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. பட்டாவை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதில் ஒருவருக்குத்தான் பணம். வருமான வரி கட்டுபவர்களுக்குக் கிடையாது.

படி 2: நிலை அறிதல்

பிஎம் கிசான் இணையதளத்தில் 'உங்கள் நிலையை அறிய' என்ற பகுதியைத் திறந்து பதிவு எண்ணைக் கொடுங்கள். எண் மறந்திருந்தால் கைப்பேசி எண்ணையோ ஆதார் எண்ணையோ வைத்து அங்கேயே எடுக்கலாம். வரும் பக்கத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: நில விவர இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பது), ஆதார்–வங்கி இணைப்பு. மூன்றிலும் 'ஆம்' இருக்க வேண்டும்.

படி 3: 'இல்லை' என்றிருப்பதைச் சரிசெய்தல்

இ-கேஒய்சி எளிது. ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி போதும். விரல் ரேகை வைக்க வேண்டுமென்றால் பொதுச் சேவை மையத்துக்குப் போகலாம். திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம்.

நில விவரம் நிற்கிறதென்றால் சிட்டா நகல், ஆதார் நகலுடன் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். சிட்டாவைத் தமிழக அரசின் இணையதளத்தில் கட்டணமின்றி எடுக்கலாம். கிளம்பும் முன் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் 'செல்வராஜ்', பட்டாவில் 'செல்வராசு' என்றிருந்தால் அங்கேயே சிக்கல்.

பலர் ஏமாறுவது வங்கி இணைப்பில். "கணக்கு தொடங்கும்போதே ஆதார் கொடுத்தேனே" என்பார்கள். அடையாளத்துக்காகக் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக இணைப்பது வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு கணக்கில்தான் மானியம் சேரும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அங்கே போகும். நகைக் கடனுக்காகப் புதிதாகத் தொடங்கிய கணக்கில் பணம் சத்தமில்லாமல் விழுந்து கிடக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்று பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும். எந்த வங்கியும் இல்லையென்றால் கிளையில் 'நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரை இணைக்க வேண்டும்' என்று கேட்டுப் படிவம் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் பெயரில் வரும் செயலிக் கோப்பைத் தொடவே வேண்டாம். வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மூன்றும் 'ஆம்' ஆன பிறகும் தவணை வரவில்லையென்றால் 155261 என்ற உதவி எண்ணில் பதிவு எண்ணைச் சொல்லிப் புகார் பதியலாம்.