குட்டி மக்காவோடு குடித்தனம்: ஹான்ஸ் மக்கா வளர்க்க நினைப்பவர்களுக்கு

மக்கா கிளி என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது நீலமும் மஞ்சளுமாக, வால் மட்டுமே ஒரு முழம் இருக்கும் அந்தப் பெரிய பறவைதான். நான் சொல்லப்போவது அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டியைப் பற்றி. ஹான்ஸ் மக்கா தலையிலிருந்து வால் நுனி வரை 30 சென்டிமீட்டர்தான், எடை 150 கிராமுக்கு முன்னே பின்னே. உடம்பு முழுக்கப் பச்சை, நெற்றியில் கொஞ்சம் நீலம், கறுத்த அலகு, கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோல். சிறகை விரித்தால் தோள் பக்கம் சிவப்புத் தெரியும். குஞ்சுக்கு அந்தச் சிவப்பு இருக்காது, வளர வளரத்தான் வரும். கயானா, வெனிசுவேலா, பிரேசில் பக்கத்துப் பறவை.

சின்னதுதானே, ஃப்ளாட்டுக்குச் சரியாக இருக்கும் என்று வாங்கிவிடாதீர்கள். தொண்டை சின்னதில்லை. விடிந்ததும் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை கத்தித் தீர்க்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வருடம் இருக்கும். இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும்போதும் இது வீட்டில் இருக்கும், அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் கண் திறந்தும் திறக்காமலும் இருக்கும் குஞ்சைக் காட்டி, நீங்களே கையால் ஊட்டினால்தான் உங்களிடம் ஒட்டும் என்பார்கள். நம்பாதீர்கள். ஊட்டும் கஞ்சி கொஞ்சம் சூடு கூடினால் கழுத்தடியில் இரை தங்கும் பை வெந்துபோகும், சிரிஞ்சு தவறினால் நுரையீரலுக்குள் போகும். எங்கள் முதல் குஞ்சை அப்படித்தான் நான்காம் நாள் பறிகொடுத்தோம். தானாகக் கொறித்துத் தின்னப் பழகிய குஞ்சை மட்டும் வாங்குங்கள், பாசம் அதற்கப்புறமும் தாராளமாக வரும். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு மக்கா மாதிரி வெளிநாட்டுக் கிளிகளை வாங்கிய 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், கடைக்காரரிடம் அதற்கான காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

கூண்டு குறைந்தது இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், மூன்றடி உயரம். கம்பி இடைவெளி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். மலிவான துத்தநாகப் பூச்சுக் கம்பி வேண்டாம், அதை அலகால் சுரண்டித் தின்றே நஞ்சேறிப் போன பறவைகள் உண்டு. கூண்டோடு வரும் வழவழப்பான உருளைக் கட்டையைக் கழற்றிவிட்டு மருந்தடிக்காத கொய்யாக் கிளையும் வேப்பங் கிளையும் வையுங்கள். ஒரே தடிமனில் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும், அப்புறம் கிளையின் பட்டையை உரிப்பதே இதற்குப் பாதி நாள் வேலை.

ஆபத்து பெரும்பாலும் காற்றில்தான் இருக்கிறது. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட வேகமாகக் காற்றை உறிஞ்சும், நமக்குத் தெரியாத புகை அதைக் கொன்றுவிடும். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி, நமக்கு வாடைகூட வராமல், சில நிமிடங்களில் உயிரை எடுக்கும். எங்கள் வீட்டில் நான்ஸ்டிக் மொத்தத்தையும் தூக்கிவிட்டு இரும்புக் கல்லுக்கே திரும்பிவிட்டோம். கொசுவர்த்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே எதுவும் பறவை இருக்கும் அறையில் கூடாது, கொசுவுக்குக் கூண்டின் மேல் வலை போட்டால் போதும். வெளியே விடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஸ்விட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது, வீட்டுக்கு வந்தவர் வியர்க்கிறது என்று தட்டிவிடுவார்.

வெறும் சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் கொட்டினால் அதை மட்டுமே தின்னும், கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கடைப்பும் தொற்றும் வரும். பாதிக்கு மேல் பெல்லட் (சத்துகளைச் சேர்த்துச் சின்ன உருண்டையாக்கிய பறவைத் தீவனம்), மீதிக்குக் காய், கீரை, கொஞ்சம் பழம், நாளுக்கு ஒரு பாதாமோ பாதி வால்நட்டோ. முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, மஞ்சள் பூசணி எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான். பழுத்த சிவப்பு மிளகாயை அப்படியே கொடுக்கலாம், பறவைக்கு அந்தக் காரம் உறைக்கவே உறைக்காது. எங்கள் வீட்டு ஹான்ஸ் மக்காவின் பெயர் அஞ்சு, அது எப்போதும் இடது காலைத்தான் தூக்கும். மிளகாயைக் குச்சி மாதிரி பிடித்து, நுனியைக் கிள்ளி, ஒவ்வொரு விதையாக நாக்கால் உருட்டி எடுத்துத் தின்றுவிட்டுத் தோலைக் கீழே போடும். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், உப்புப் போட்ட மிக்சர் இதெல்லாம் ஒரு துணுக்கு கூடக் கூடாது.

கடிக்கிறது என்று சொல்லித்தான் நிறையப் பேர் ஆறே மாதத்தில் இதை வேறு கைக்கு மாற்றிவிடுகிறார்கள், எனக்கு அது தாங்கவே முடியாத விஷயம். அலகு அதற்கு மூன்றாவது கை. விரலை நீட்டினால் ஏறுவதற்கு முன் அலகால் தொட்டுப் பார்க்கும், ஆடும் பரண் ஏணியில் கால் வைக்குமுன் நாம் ஒரு முறை அழுத்திப் பார்ப்போமே, அதுபோல. அந்த நொடியில் நான் பயந்து கையை வெடுக்கென்று இழுத்தேன், ஒரு மாதம் இதே கதை. இந்தக் கிளை நம்பகமில்லை என்று அஞ்சு முடிவு செய்துவிட்டது, அடுத்த முறை தொடுவதற்குப் பதில் இறுக்கிப் பிடித்தது, ரத்தம் வந்தது. விரலை அசைக்காமல் வைத்து, "ஏறு" என்று ஒரே சொல்லைச் சொல்லி, ஏறியதும் பாதாம் துண்டு கொடுக்க ஆரம்பித்த பிறகு மூன்று வாரத்தில் சரியானது. நிஜமாகவே கடிக்கப் போகிறதென்றால் முன்னாலேயே சொல்லிவிடும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், பிடரி இறகு சிலிர்க்கும், உடம்பு முன்னால் சாயும். அப்போது கையைக் கொண்டு போகாதீர்கள், பத்து நிமிடம் விடுங்கள். தலையையும் கழுத்தையும் மட்டும் வருடுங்கள். முதுகையும் சிறகின் அடியையும் தடவினால் உங்களையே இணையாக நினைத்துக்கொண்டு, அடுத்தவர் பக்கத்தில் வந்தால் கொத்தும்.

நீங்கள் அடுத்த அறைக்குப் போனதும் கத்துகிறதா? கூட்டத்தில் இருப்பவர் எங்கே என்று கேட்கிறது, அவ்வளவுதான். பதிலுக்கு நாம் சத்தம் போட்டால் இன்னும் பலமாகக் கூப்பிடும். ஒரு சின்ன விசிலைப் பழக்கிவிடுங்கள், அது விசிலடித்தால் நீங்களும் எங்கிருந்தாலும் விசிலடியுங்கள். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும், டிவி ஓடும் ஹாலில் தூங்க வைத்தால் மறுநாள் முழுக்கச் சிடுசிடுக்கும். மே மாத வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றித் தண்ணீர் தெளியுங்கள்.

கடைசியாக, ஒரு கிச்சன் தராசு வாங்குங்கள். பறவை நோயை மறைக்கும், வேட்டைக்கு இலக்காகும் உயிருக்கு அது பிழைக்கும் வழி. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கீழே உட்காரும்போது நோய் முற்றியிருக்கும், எடை அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். வாரம் இரண்டு முறை, காலையில் சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 150 கிராம் பறவைக்கு 15 கிராம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்க்க மாட்டார்கள், பறவையை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே நாலு இடம் விசாரித்து ஒருவரின் எண்ணைக் கூண்டுப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.