மளிகைச் செலவு எங்கே கையை மீறுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதச் சாமான் லிஸ்ட் பெரும்பாலான வீடுகளில் எப்படித் தயாராகிறது என்று பார்த்தால், அது போன மாத லிஸ்ட்தான். துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2, கடலைப்பருப்பு 1, எண்ணெய் 5 பாக்கெட் என்று பழைய சீட்டைப் போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. அலமாரியில் போன மாதக் கடலைப்பருப்பு முக்கால் கிலோ அப்படியே இருக்கும், அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டோம். அப்புறம் செலவு கூடிப்போச்சு என்று விலைவாசியைத் திட்டுவோம். விலை ஏறுவது உண்மைதான், ஆனால் அதில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம். என்ன சமைக்கப் போகிறோம் என்று ஓரளவாவது முடிவு செய்துவிட்டு லிஸ்ட் எழுதுவது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது, அதைத்தான் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். சாமானை வாங்கி வைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் பிரிட்ஜைத் திறந்து நின்றுகொண்டு, இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது.

கணக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. நான்கு பேர் வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்கு 150 கிராம் துவரம்பருப்பு போதும். வாரம் 3 முறை சாம்பார் என்றால் மாதத்துக்கு 12 முறை, 1 கிலோ 800 கிராம். கூட்டு, பருப்பு ரசம் என்று இன்னும் ஒரு அரைக் கிலோ. வாரம் ஒரு முறை ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு மாவு ஆட்டினால் மாதத்துக்கு உளுந்து ஒரு கிலோ, தாளிக்க ஒரு பிடி. பிறகு எதற்கு 2 கிலோ? எண்ணெய்க்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதை வைத்துக்கொண்டால் நான்கு பேருக்கு 2 லிட்டர். அதையும் தாண்டி 5 லிட்டர் வாங்குகிற வீட்டில் செலவைவிடப் பெரிய பிரச்சினை வேறு இருக்கிறது, அதை இங்கே பேச வேண்டாம்.

அடுத்தது பட்ஜெட். மளிகைக்கு மாதம் ஆறாயிரம் என்று ஒரே தொகையாக வைத்துக்கொண்டு, அது தாண்டவில்லை என்று திருப்திப்படுவது. மளிகைக் கடை பில் மட்டும்தான் இந்த ஆறாயிரத்தில் வரும். பால், காய்கறி, மீன், கறி, சிலிண்டர், தெருமுனை பேக்கரி, சாயங்காலப் பஜ்ஜி, போனில் ஆர்டர் செய்த பிரியாணி எல்லாம் கணக்கிலேயே இருக்காது. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகர வீடுகளின் மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம் பானங்கள், நொறுக்குத்தீனி, தயார் உணவு வகைக்குப் போகிறது. உணவுச் செலவில் முதலிடம் அதற்குத்தான். அரிசி, கோதுமைக்கு ஆவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாமோ அரிசி கிலோவுக்கு 2 ரூபாய் குறைகிறதா என்று மூன்று கடை ஏறி இறங்குகிறோம். பாலையே பாருங்கள், தேவையில்லாமல் தினம் ஒரு அரை லிட்டர் பாக்கெட் கூடுதலாக வந்தால், 25 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 750 ரூபாய். அது தயிராகி, தயிர் புளித்து, மோராகி, கடைசியில் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும்.

சரி, சமையலைத் திட்டமிடுகிறோம் என்று உட்காருபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. திங்கள் காலையிலிருந்து ஞாயிறு இரவு வரை 21 வேளைக்கும் பெயர் எழுதி, கலர் பேனாவில் கட்டம் போட்டு பிரிட்ஜில் ஒட்டுவது. புதன்கிழமை விருந்தாளி வருவார், வியாழன் கரண்ட் போகும், வெள்ளிக்கிழமை யாருக்கும் அந்தக் குழம்பு சாப்பிடப் பிடிக்காது, அட்டவணை அத்தோடு முடிந்தது. நாலு நாளுக்கு மட்டும் முடிவு செய்துகொண்டு மிச்சத்தைக் காலியாக விடுவதுதான் நிற்கிறது. மீந்ததும் திடீர் ஆசையும் அந்தக் காலி நாட்களில் ஓடிவிடும். இணையத்தில் கிடைக்கும் வாராந்திர மெனுவை அப்படியே எடுப்பதும் வேண்டாம், அதற்காக வாங்கிய ஓட்ஸ், ப்ரோக்கோலி, பெயர் தெரியாத விதைகள் எல்லாம் அலமாரியிலேயே தங்கிவிடும். வீட்டில் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடுகிற பத்துப் பன்னிரண்டு குழம்பு, பொரியல்களை ஒரு தாளில் எழுதினாலே மாதம் முழுக்கச் சுற்றி வரும். யார் மதியம் டப்பா கொண்டுபோகிறார்கள், அந்த டப்பா காலியாகத் திரும்புகிறதா என்பதும் இதில் சேர வேண்டும். தினம் பாதி சாப்பாடு திரும்பி வருகிற டப்பாவும் மளிகைச் செலவுதான்.

காய்கறியில் திட்டம் என்பது வரிசைதான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்து, முதல் நாள் உருளைக்கிழங்கைச் சமைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை கீரைக்கட்டைப் பிரித்தால் அது குப்பைக்குத்தான். கீரை அன்றைக்கோ மறுநாளோ. அடுத்த இரண்டு மூன்று நாளில் வெண்டை, கத்தரி, அவரை, புடலை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் வாரக் கடைசி வரை தாங்கும். சேனை, கருணை, வெட்டாத பூசணி எல்லாம் அதற்கும் மேல், அவசரமே இல்லை. மாவுக்கும் இதே மாதிரி ஒரு போக்கு உண்டு, முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறிய பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் கொட்டி வைக்காதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும். மல்லித்தழையை ஈரம் போக்கிப் பேப்பரில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் வரும், கவரோடு அப்படியே பிரிட்ஜில் போட்டால் மூன்றாம் நாள் அழுகிவிடும்.

எங்கே வாங்குவது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் காலையில் அங்கே போங்கள். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், இன்றைக்கும் வாசலில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வேறு எங்கே வாங்கினாலும் விலை சரிதானா என்று பார்க்க அந்தப் பலகையே உதவும். ஒரே எச்சரிக்கை, கூறு கட்டி வைத்திருப்பது மலிவு என்பதற்காக மூன்று கூறு தக்காளி வாங்காதீர்கள்.

விலையை ஒப்பிடுவதில் ஏமாறுவது பெரும்பாலும் அளவில்தான். முன்பெல்லாம் எண்ணெய், டீத்தூள் போன்றவற்றை இன்ன இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது, 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து 800, 850, 870 கிராம் என்று விதவிதமான எண்ணெய் பாக்கெட்டுகள், பார்க்க எல்லாம் ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம், இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் 10 ரூபாய் குறைவு என்று அடுக்கி வைத்திருப்பது உண்மையில் குறைவா என்று தெரிந்துவிடும். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ இவ்வளவு என்று பொடி எழுத்தில் ஒரு விலை இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு, கடையில் தள்ளுபடி இருந்தால் நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும். அரிசியிலும் இப்படி ஒன்று உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது, உடனே 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26 என்று இருக்கும்போது மூட்டை விலையை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. கிலோ என்ன விலை வருகிறது என்று கேளுங்கள்.

மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது பாதி உண்மை. புளி, வரமிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் புதுசு வருவது மாசி, பங்குனியை ஒட்டி, அப்போது வருஷத்துக்கு வாங்கி நல்ல வெயிலில் காய வைத்துக்கொள்வது காலங்காலமாக நடப்பது, அதில் தவறே இல்லை. புளி பழசானால் கறுக்கும், குழம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இதையே பச்சைப்பயறு, சுண்டல், ரவை, கோதுமை மாவுக்குச் செய்தால் இரண்டாம் மாதமே வண்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கோதுமை மாவு பத்துக் கிலோ வந்து சேரும் வீட்டில் சப்பாத்தி வாரம் ஒரு நாள்தான் என்றால், அந்த இலவசம் யாருக்கு? ரவையை வறுத்து வைப்பது, அரிசியில் வசம்போ வரமிளகாயோ போட்டு வைப்பது எல்லாம் கொஞ்சம் தாங்க வைக்கும், அவ்வளவுதான்.

பருவம் பார்க்காமல் மெனு போடுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் அதிகம் பணம் தின்னும் தவறு. முருங்கைக்காய் கோடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், கார்த்திகை, மார்கழியில் ஒரு காய் விலை கேட்டால் தலை சுற்றும், அப்போதும் சாம்பாரில் முருங்கைக்காய்தான் வேண்டும் என்று நின்றால் என்ன செய்வது? முள்ளங்கி போடலாம், பரங்கி போடலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது, அதற்கும் வரிசையில் நின்றோம். தக்காளியே இல்லாத மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகு ரசம், பருப்புத் துவையல் எல்லாம் நம் சமையலிலேயே இருக்கின்றன, அந்த மாதிரி நாட்களில் அவற்றை வாரத்தில் மூன்று நாளாக மாற்றிக்கொண்டாலே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, கடல் மீன் விலை ஏறும் என்பது ஒவ்வொரு வருஷமும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அந்த இரண்டு மாதம் ஏரி மீன், கருவாடு, முட்டை. புரட்டாசியில் பாதி ஊர் அசைவம் நிறுத்துவதால் கோழியும் முட்டையும் வழக்கமாக இறங்கும், விரதம் இல்லாத வீட்டுக்கு அது நல்ல மாதம். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வாழைக்காய், தேங்காய், சின்ன வெங்காயம் வாங்கப் போகாமல் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

ரேஷன் சாமானைக் கௌரவம் பார்த்து விடுவது இன்னொன்று. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மேலே போட்ட கணக்குப்படி மாதப் பருப்புத் தேவையில் கிட்டத்தட்டப் பாதி இதிலேயே வந்துவிடும். பருப்பு வேக நேரம் எடுத்தால் அரை மணி ஊற வையுங்கள். பாமாயில் பிடிக்கவில்லையா, வாங்க வேண்டாம், பருப்பை மட்டும் வாங்குங்கள். புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்பவர்கள் இட்லி மாவுக்குப் போட்டுப் பார்க்கலாம், எத்தனையோ வீடுகளில் இட்லி அரிசியே அதுதான்.

வேலை மிச்சம் என்று வாங்குபவை பற்றி நான் கறாராகச் சொல்ல மாட்டேன். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து இரண்டும் சேர்ந்து 90 ரூபாய்க்குள் முடியும், மாவு ஏறக்குறைய 3 கிலோ வரும். அதாவது கிலோ 30 ரூபாய், கடை மாவு அதைவிட 10, 20 ரூபாய் கூட. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அந்த 20 ரூபாய் நியாயமான செலவுதான். மாவு வாங்கி வைத்துவிட்டு, சட்னிக்குத் தேங்காய் இல்லை என்று அன்றைக்கே நாலு பேருக்கு ஓட்டலில் டிபன் வாங்குவதுதான் நஷ்டம். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்களிலும் இதே கதை. ஒரு கொத்து கறிவேப்பிலைக்காகத் திறப்போம், இலவச டெலிவரிக்கு இன்னும் இவ்வளவு ரூபாய்க்கு வாங்குங்கள் என்று காட்டும், சிப்ஸும் ஐஸ்கிரீமும் கூடைக்குள் விழும், அதன் மேல் கையாளும் கட்டணம் வேறு. அந்தக் கறிவேப்பிலையைக் காய்காரம்மா கொசுறாகவே கொடுத்திருப்பார்.

புது லிஸ்ட் எழுதுவதற்கு முன்னால் மாதத்தின் கடைசி வாரத்தை வாங்காத வாரமாக வைத்துப் பாருங்கள். பால், கீரை, தக்காளி தவிர வேறு எதுவும் வாங்காமல், டப்பாவில் கிடப்பதை மட்டும் வைத்துச் சமைப்பது. அரைப் பாக்கெட் சேமியா, ஒரு டம்ளர் கொண்டைக்கடலை, கால் கிலோ ராகி மாவு, எப்போதோ வாங்கிய மொச்சை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அந்த வாரமும் யாரும் தொடாமல் எந்த டப்பா மிச்சமாகிறதோ, அந்தப் பெயரை அடுத்த லிஸ்டில் எழுதாதீர்கள்.