சேற்றுத் தரையுள்ள தண்ணீரில், படகில் நின்றபடி கோலூன்றிக் கேனோ செலுத்துவது எப்படி?

காவிரிக் கடைமடையில் கேனோ என்னும் ஒடுக்கமான சிறு படகை வைத்திருப்பவருக்குத் துடுப்பைவிடக் கோலே அதிகம் உதவும். கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை லகூனில் (கடலை ஒட்டிய காயலில்) வந்து சேரும் பகுதியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இராது. அங்கே துடுப்புப் போட்டால் ஒவ்வொரு வலிப்புக்கும் சேறு கிளம்புமே தவிரப் படகு நகராது. அதே தண்ணீரில் உள்ளூர் மீனவர்கள் எழுந்து நின்று, நீண்ட கோலைத் தரையில் ஊன்றித் தள்ளி, அலுங்காமல் போய்வருகிறார்கள். கேனோவில் அதைச் செய்யும் முறையைத் தொடங்குபவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் கூழாங்கல் தரையுள்ள குளிர்நாட்டு ஆறுகளை மனத்தில் வைத்தவை. கல்லில் ஊன்றிய கோல் எளிதில் விடுபட்டுவிடும். நம் களிச்சேற்றில் அது விடுபடாது. ஆகவே நம் பகுதியில் கோலை ஊன்றக் கற்பதைவிட எடுக்கக் கற்பதற்கே அதிகக் கவனம் வேண்டும். உங்களுக்கு நீந்தவும் துடுப்புப் போடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணிந்தே தீர வேண்டும்.

இடமும் காலமும்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. இடையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். எனவே தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை, ஓட்டம் தணிந்து தண்ணீர் தெளிந்திருக்கும் காலமே பழகுவதற்கு ஏற்றது. முதலில் மணல் தரையும் தொடையளவுத் தண்ணீரும் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்; சேற்றுக்குப் பிறகு வரலாம். படகை இறக்கும் முன், கோலைக் கையில் பிடித்துத் தரையைத் தொட்டுப் பார்த்தபடியே அந்த இடம் முழுவதும் மெதுவாக நடந்துவிடுங்கள். மணல் அள்ளிய ஆறுகளில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த எட்டிலேயே ஆள் நிலைக்காத பள்ளம் இருக்கலாம். உடல் எடையைக் கோலின் மீது சாய்த்த பிறகு அடியில் தரை இல்லை என்று தெரிந்தால், விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

அணைக்கரைப் பகுதிக் கொள்ளிடத்திலும் சிதம்பரத்தை ஒட்டிய பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. அங்கே பழக வேண்டாம். மதகும் ரெகுலேட்டரும் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலும் வேண்டாம், ஏனெனில் ஷட்டர் தூக்கினால் அடியில் இழுக்கும் நீர் மேலே தெரியாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் செல்வதானால் வனத்துறையின் அனுமதி தேவை.

கோல்

நீளம் 12 அடி. நிற்கும் உயரம், தண்ணீரின் ஆழம், சேற்றில் இறங்கும் அளவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் இதற்குக் குறைந்த கோல் பாதித் தள்ளலிலேயே கைக்குள் முடிந்துபோகும். 14 அடிக்கு மேல் போனால் தூக்கித் திருப்புவதற்குள் தோள் அலுத்துவிடும். பருமன் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம், அதாவது விரல்கள் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொட வேண்டும்.

பொருளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. சவுக்குக் கம்பு நேராக இருக்கும், கடலோர ஊர்களில் எளிதாகவும் கிடைக்கும், ஆனால் கனம் அதிகம். தொடங்குபவர் அதைத் தூக்கி இறக்கிச் சோர்ந்துபோவார். அலுமினியக் குழாய் இலேசானது, வழுவழுப்பானது. ஆயினும் நம் வாய்க்கால்களுக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளின் கீழே, எழுந்து நின்று 12 அடி உலோகக் குழாயைத் தூக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஈரக் கோல் எதுவானாலும் மின்சாரம் பாயும் என்பதால், மூங்கில் வைத்திருந்தாலும் கம்பிக்குக் கீழே கோலைக் கிடத்திவிட்டு, உட்கார்ந்து துடுப்பால் கடந்துவிடுங்கள்.

கல்மூங்கிலே என் தேர்வு. உள்ளே பெரும்பாலும் கெட்டியாக இருப்பதால் வளைந்தாலும் எளிதில் பிளக்காது. நன்கு முற்றிய கழியாகப் பார்த்து வாங்கி, சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்துங்கள். ஊறும்போது மூங்கிலில் உள்ள மாவுச்சத்து கரைந்துவிடுவதால் பின்னர் வண்டு துளைப்பது குறையும். கணுக்களின் விளிம்பைக் கத்தியால் சீவி உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை வழுக்கிச் செல்லும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கை கிழியும். மேலே புன்னை எண்ணெய் பூசினால் தண்ணீர் ஏறாது. வேர்ப்பக்கத்துப் பருத்த முனையே கீழே இருக்க வேண்டும். கிடைத்த மூங்கில் உள்ளே பொள்ளலாக இருந்தால் கீழ்முனையைக் கணுவை ஒட்டியே அறுங்கள். கணுவுக்குக் கீழே குழல் நீண்டிருந்தால் சேறு உள்ளே அடைத்துக்கொண்டு கோலின் கனம் கூடும்.

சேற்றுக்கென்று கீழ்முனையில் ஒரு பாதம் பொருத்த வேண்டும். பூவரசுக் கட்டையில் நான்கு அங்குல அகலத்தில் செதுக்கி, நடுவில் துளையிட்டுக் கோலைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கிவிடலாம். கட்டையின் அடி தட்டையாகவும் மேற்புறம் கூம்பாகச் சரிந்தும் இருக்கட்டும்: தட்டையான அடி சேற்றில் ஆழ்வதைத் தடுக்கும், சரிவான மேற்புறம் வெளியே வரும்போது சேற்றை வாரிக்கொண்டு வராது. மணலில் பழகும் நாட்களில் பாதம் தேவையில்லை.

நிற்பது

கேனோவின் நடுக்குறுக்குக் கட்டைக்குச் சற்றுப் பின்னால், படகின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் தோள் அகலத்தில் கால்களை வைத்து நில்லுங்கள். கோல் பிடிக்கும் பக்கத்துக் கால் அரை அடி பின்னால் இருக்கலாம். முழங்கால்கள் சற்றே மடங்கியிருக்க வேண்டும். விறைத்த கால் படகின் ஒவ்வோர் அசைவையும் அப்படியே தலைக்கு ஏற்றிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, படகுத் தரையின் சேற்றைக் கழுவிவிட்டு நிற்பதே பாதுகாப்பானது. பார்வை கால்களில் பதியாமல் கரையின் மீதோ தொலைவில் உள்ள மரத்தின் மீதோ இருக்கட்டும்.

கோலைத் தொடும் முன், இடக்காலையும் வலக்காலையும் மாறிமாறி அழுத்திப் படகை வேண்டுமென்றே ஆட்டிப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே படகு ஆட, இடுப்புக்கு மேலே உடம்பு அசையாமல் நிற்கும் பழக்கம் வந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்கினாலும் தகும்.

ஊன்றித் தள்ளுவது

கோலை இரு கைகளாலும் கட்டைவிரல்கள் மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, படகின் விளிம்பை ஒட்டி, உங்கள் இடுப்புக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ செங்குத்தாக விடுங்கள். முன்னால் ஊன்றினால் அது படகை நிறுத்தும். கோலின் எடையாலேயே அது தரையைத் தொடட்டும். தொட்டது கைக்குத் தெரிந்த பிறகே அழுத்த வேண்டும். படகு முன்னே செல்லும்போது கோல் பின்னோக்கிச் சாயும், அப்போது கயிறு ஏறுவதுபோல் கை மாற்றிக் கை வைத்துக் கோலின் மேல்முனைவரை ஏறிச் செல்லுங்கள்.

கையால் தள்ளுவதாக நினைக்க வேண்டாம். கோல் தரையில் நிலையாக நிற்கிறது. உங்கள் பாதங்கள் படகை முன்னோக்கித் தள்ளுகின்றன. பாதத்தின் கீழ் படகு நழுவி முன்னே போவதை உணர்ந்தால் முறை சரியாக இருக்கிறது என்று பொருள்.

சேற்றிலிருந்து கோலை எடுப்பது

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான். மணலில் நன்றாகப் பழகியவர்கூட லகூனின் சேற்றுக்கு வந்ததும் தள்ளல் முடிந்த நொடியில் கோல் வராமல் நிற்பார். படகு முன்னே போய்க்கொண்டிருக்கும், கோல் பின்னே நிற்கும், இரண்டையும் விடாமல் பிடித்திருக்கும் உடம்பு நடுவில் நீண்டு, கடைசியில் தண்ணீரில் விழும். நான் கோலோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த முத்துப்பேட்டை மீனவர் ஒருவர் பார்த்துவிட்டு, “புடுங்காத தம்பி, திருவி உடு” என்றார். “எப்பண்ணே திருவுறது, தள்ளி முடிச்சப்புறமா?” என்று கேட்டதற்கு, “முடிக்கங்காட்டியும் திருவு” என்று சொல்லிச் செய்தும் காட்டினார்.

சேறு கோலைப் பிடிப்பதற்குக் காரணம், முனைக்குக் கீழே காற்றோ நீரோ புக இடமில்லாததுதான். நேராக மேலே இழுத்தால் முனைக்கு அடியில் வெற்றிடம் உருவாகி இன்னும் இறுகும். திருகினால் கோலைச் சுற்றியுள்ள சேறு விலகி, அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும், பிடி தளர்ந்துவிடும். தள்ளலின் கடைசி ஓர் அடி மீதமிருக்கும்போதே, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இரு மணிக்கட்டுகளாலும் கோலைக் கால்சுற்று ஒரு பக்கமும் கால்சுற்று மறுபக்கமும் திருப்புங்கள். முனை விடுபடுவது கைக்கு ஒரு சிறு நழுவலாகத் தெரியும். அப்போது கோலைச் செங்குத்தாகத் தூக்காமல், அது சாய்ந்திருக்கும் அதே கோட்டில் முன்னோக்கி உருவி எடுங்கள். பாதம் பொருத்திய கோலாக இருந்தால் திருகலோடு சற்றுப் பக்கவாட்டில் அசைப்பதும் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால், விட்டுவிடுங்கள். கோலை விட்டுவிட்டு உடனே முழந்தாளிட்டு, துடுப்பால் திரும்பி வந்து, படகைக் கோலுக்கு நேராக நிறுத்தி நிதானமாகத் திருகி எடுத்துக்கொள்ளலாம். துடுப்பைப் படகில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது இதற்காகவே. கோலைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது மிகவும் ஆபத்தானது, செய்ய வேண்டாம்.

திசை திருப்புவது

வலப்பக்கம் ஊன்றினால் படகின் முகம் இடப்பக்கம் விலகப் பார்க்கும். கோலின் அடியைப் படகிலிருந்து சற்று வெளியே தள்ளி ஊன்றினால் முகம் வலப்பக்கம் திரும்பும்; படகின் அடிக்குச் செல்லுமாறு உட்பக்கம் சாய்த்து ஊன்றினால் இன்னும் இடப்பக்கம் திரும்பும். தள்ளல் முடிந்து கோலை உருவியதும், அதைப் பின்னால் நீரில் இழுபட விட்டுச் சுக்கானாகவும் பயன்படுத்தலாம்: வலப்பக்கம் ஒதுக்கினால் படகு வலப்பக்கம் திரும்பும். ஓட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது அரை எட்டுப் பின்னால் நகர்ந்து முன்பக்கத்தை இலேசாக்குங்கள். பின்பக்கம் கனத்திருந்தால் ஓட்டமே படகை நேராக வைத்திருக்கும்.

விழ நேர்ந்தால்

ஆழம் குறைந்த தண்ணீரில் காலை நீட்டிக் குதிக்கக் கூடாது. சேற்றில் தொடைவரை புதைந்தால் வெளிவருவது கடினம். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களும் சிப்பி ஓடுகளும் பாதத்தைக் கிழிக்கும். உடம்பைப் பரப்பித் தட்டையாக விழுந்து, படகின் விளிம்பைப் பற்றி, அதன்மேல் மார்பைச் சாய்த்துக் கால்களை மேலே கொண்டுவாருங்கள். புதைந்தவர் ஒரு காலை எடுக்க மறுகாலை ஊன்றினால் அதுவும் புதையும்.

பிற்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தைப் படித்துவிட்டுப் பழகியவர்கள் சொன்ன சில சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன். ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலில் கோல் வேர்க்கற்றையோடு மேலே வருகிறது என்றார் ஒருவர். படர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போவதே நல்லது. வழியே இல்லையென்றால் பாதத்தைக் கழற்றிவிட்டு வெறும் கோலை ஊன்றுங்கள், பாதத்தின் சரிவுகூடக் கொடியில் சிக்கும்.

காலையில் நன்றாகப் போன படகு பிற்பகலில் பக்கவாட்டில் தள்ளப்படுவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். கடற்காற்று எழுந்துவிட்டதே அதற்குக் காரணம். நிற்கும் உடம்பு பாயாகிக் காற்றை வாங்குகிறது. கடற்கரையை ஒட்டிய இடங்களில் பதினோரு மணிக்குள் கரை திரும்பிவிடுமாறு கிளம்புங்கள், தாமதமானால் முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டு வாருங்கள்.

துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்ளலாமா என்று பலர் கேட்டார்கள். தனியாக நின்று, சேற்றில் கோல் சிக்காமல் போய்வரும் பழக்கம் வந்த பிறகு ஏற்றலாம். அவர் முன்பக்க இருக்கையில் அமராமல் படகின் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், கோல் உள்ள பக்கம் கையை வெளியே நீட்டக் கூடாது.

கோலை வெயிலில் சுவரில் சாய்த்து வைத்ததால் கணுவுக்குக் கணு வெடிப்பு விழுந்ததாகவும் ஒருவர் படம் அனுப்பினார். அப்படி வெடித்த கோலைச் செப்பு கம்பி சுற்றிப் பயன்படுத்த முயல வேண்டாம், அழுத்தும்போது சிலாம்பு கையில் ஏறும். வேறு கழி வாங்கிவிடுங்கள். பயன்படுத்திய பின் நல்ல தண்ணீரில் உப்பும் சேறும் போகக் கழுவி, நிழலில், மூன்று இடங்களில் தாங்கல் கொடுத்துக் கிடையாக வைத்தால் மூங்கில் வளையாமல் இருக்கும்.